குளிரில் கோல்ஃப்: புதுச்சேரியிலிருந்து ஊட்டிக்கும் பிரான்சுக்கும் ஆடச் செல்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழி பிறந்துவிட்டால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வருபவர்களின் கழுத்தில் மஃப்ளரும் தலையில் குல்லாயும் ஏறிவிடும். அந்த நேரத்தில் வெப்பமானி 21 அல்லது 22 டிகிரியைக் காட்டிக்கொண்டிருக்கும். இந்த வெயிலுக்குப் பழகிய உடம்போடுதான் நம்மில் பலர் பொங்கல் விடுமுறையில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும், பிள்ளைகள் குடியேறிய குடும்பங்களாக இருந்தால் பாரிசுக்கும், கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு செல்கிறோம். கிண்டியிலும் நந்தனத்திலும் வியர்க்க வியர்க்க ஆடிப் பழகிய கைகள் அங்கே போனதும் மரத்துப்போகின்றன. பந்து எதிர்பார்த்த இடத்தில் விழுவதில்லை. மூன்றாவது குழியிலேயே ஆட்டம் கசந்துவிடுகிறது. முதன்முதலாக மகள் வீட்டுக்குப் போன சனவரியில் எனக்கும் இதுதான் நேர்ந்தது. அதன்பிறகு பல குளிர்காலங்களில் ஆடிக் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோல்ஃப் குளிருக்கு அந்நியமான ஆட்டம் அன்று. புல்வெட்டும் இயந்திரத்துக்கு 1830-இல்தான் காப்புரிமை வழங்கப்பட்டது. அதற்கு முன் ஸ்காட்லாந்தின் கடற்கரைப் புல்வெளிகளில் கோடையில் பந்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினமாக இருந்ததால், இலையுதிர் காலம் முதல் இளவேனில் வரையே கோல்ஃப் பெரும்பாலும் ஆடப்பட்டது. பிரான்சின் முதல் கோல்ஃப் கிளப் 1856-இல் அந்நாட்டின் தெற்கே உள்ள போ (Pau) என்னும் நகரில் உருவானதற்கும், குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வந்து தங்கிய பிரித்தானியர்களே காரணம். ஆகவே குளிரை எதிரியாகப் பார்க்காமல், ஆடுகளத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டு அதற்கேற்ப ஆட வேண்டும்.

முதற்படி: எந்தக் குளிர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாக் குளிரும் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் மட்டையைத் தேர்ந்தெடுப்பதுதான் நம் ஊர் ஆட்டக்காரர்கள் செய்யும் முதல் தவறு. "குளிரில் பந்து தூரம் போகாது" என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டுவிட்டு ஊட்டியில் வழக்கத்தைவிட அதிக தூரம் அடிக்கும் மட்டையை எடுத்து அடித்தால், பந்து குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனைத் தாண்டிப் புதருக்குள் போய் விழும். காரணத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

காற்றின் அழுத்தம் மாறாதிருக்கும்போது, வெப்பம் குறையக் குறையக் காற்று அடர்த்தியாகும். கடல் மட்டத்தில் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் காற்றைவிட 5 டிகிரியில் இருக்கும் காற்று ஏறத்தாழ 9 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது. அடர்ந்த காற்று பந்தைப் பின்னிழுக்கிறது. பந்தின் சுழற்சிக்கு அதிகம் எதிர்வினை காட்டி அதை மேலே தூக்கவும் பக்கவாட்டில் வளைக்கவும் செய்கிறது. அனுபவக் கணக்காக, வெப்பம் பத்து ஃபாரன்ஹீட் டிகிரி, அதாவது ஐந்தரை செல்சியஸ் டிகிரி, குறையும் ஒவ்வொரு முறையும், மிக அதிக தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரின் அடியில் இரண்டு யார்டு குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னைக்கும் பாரிசுக்கும் இடையிலான 25 டிகிரி வேறுபாட்டில் காற்று மட்டுமே ஒன்பது யார்டு வரை விழுங்கிவிடும். பந்தின் உள்ளிருக்கும் ரப்பர் குளிர்ந்து இறுகித் துள்ளலை இழப்பதும், தடித்த உடையில் தோள் முழுவதும் திரும்பாமல் போவதும் இதற்கு மேல் சேரும்.

ஊட்டியின் கணக்கு வேறு. அது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 12 டிகிரியில் இருக்கும் காற்று, நம் ஊர்க் கடற்கரைக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. குளிர் பறிப்பதைவிட உயரம் கூடுதலாகத் திருப்பிக் கொடுத்துவிடுவதால், ஃபிங்கர்போஸ்ட்டில் உள்ள ஆடுகளத்தில் நல்ல அடி விழுந்தால் சென்னையைவிடப் பந்து அதிக தூரமே போகும். உயரத்தால் மட்டும் ஏழெட்டு விழுக்காடு கூடும் என்று கொண்டு, அதிலிருந்து குளிருக்கும் தடித்த உடைக்கும் சிறிது கழித்துக்கொள்ளுங்கள். 150 யார்டு மட்டை அங்கே 155 முதல் 160 வரை போவதை எதிர்பார்க்கலாம். 1895-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பும் ஏறத்தாழ இதே உயரத்தில் இருப்பதால் அங்கும் இதே கணக்குத்தான். பந்து வளைவதும் மலையில் குறையும். ஆகவே வழக்கமாக வலப்பக்கம் வளைத்து அடிப்பவர்கள் அதற்காக இடப்பக்கம் ஒதுக்கும் இடத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பிரான்சில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. அங்கே ஆடுகளத்தின் தூரங்களை மீட்டரில்தான் குறிப்பார்கள். நாம் யார்டில் எண்ணிப் பழகியவர்கள். 140 மீட்டர் என்பது 153 யார்டு. முதல் நாள் ஆட்டத்தில் நான் 140 என்ற எண்ணைப் பார்த்ததும் வழக்கமான மட்டையை எடுத்தேன். பதின்மூன்று யார்டை மீட்டரும் பத்து யார்டைக் குளிரும் எடுத்துக்கொள்ள, முதல் ஐந்து குழிகளில் ஒருமுறைகூடப் பந்து கிரீனின் முன்விளிம்பைத் தொடவில்லை. ஆறாவது குழியில் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, "மாமா, இது யார்டு இல்லைங்க, மீட்டர்" என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மீட்டரில் சொல்லப்படும் எண்ணோடு அதன் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் யார்டு கிடைக்கும். துல்லியத்தில் சிறிது கூடுதலாக வந்தாலும் குளிர்காலத்தில் அந்தக் கூடுதல் நன்மைக்கே.

இரண்டாம் படி: ஊரிலிருந்தே உடம்பைத் தயார் செய்யுங்கள்

முழு ஆட்டமான பதினெட்டுக் குழிகளையும் நடந்தே ஆடினால் எட்டு முதல் பத்து கிலோமீட்டர் நடக்க நேரும். சேற்றிலும் மேட்டிலும் அந்த நடை இன்னும் கனக்கும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே காந்தி சிலையைச் சுற்றிக் காலை மாலை நடப்பதும், இடுப்பையும் தோளையும் இருபுறமும் திருப்பும் எளிய பயிற்சிகளைச் செய்வதும் போதுமானவை.

ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்வது நல்லது. குளிரில் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயரும்; இதயம் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உலர்ந்த குளிர்காற்று மூச்சிறைப்பைத் தூண்டக்கூடும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் சாப்பிடுபவர்களில் சிலருக்குக் கையும் காலும் சீக்கிரமே சில்லிட்டுவிடும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், ஈரமான காலணியோடு நான்கு மணி நேரம் நடந்தும் கால் விறைத்ததை அறியாமல் போகலாம். அவர்கள் ஒன்பது குழிகளோடு நிறுத்திக்கொண்டு காலுறையை மாற்றுவதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: உடை

நம் ஊரில் பருத்திப் பனியன் இல்லாமல் சட்டை போடுவது பலருக்கு வழக்கமே இல்லை. குளிர்கால கோல்ஃபில் விட்டுவிட வேண்டிய முதல் உடை அதுதான். முதல் மூன்று குழிகளில் மேடேறி நடக்கும்போது உடம்பு வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையை உறிஞ்சி நெஞ்சோடும் முதுகோடும் ஒட்டிவைத்துக்கொள்ளும். நான்காவது குழியில் முன்னால் ஆடுபவர்களுக்காகப் பத்து நிமிடம் நிற்கும்போது அந்த ஈரம் உடம்பின் சூட்டை முழுவதும் இழுத்துவிடும். குளிர் காற்றிலிருந்து மட்டுமல்லாமல் நம் வியர்வையிலிருந்தும் வருகிறது என்பதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன்.

உடலோடு ஒட்டிய முதல் அடுக்காக, வியர்வையை வெளியே கடத்தும் செயற்கை இழை உள்ளாடையோ மெல்லிய மெரினோ கம்பளி உள்ளாடையோ இருக்கட்டும். அதற்கு மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் ஒரு ஸ்வெட்டர். அதற்கும் மேல் காற்றையும் தூறலையும் தடுக்கும் மெல்லிய மேலாடை. ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்டைவிட இந்த மூன்று மெல்லிய அடுக்குகள் மேலானவை. அடுக்குகளுக்கு இடையில் சிக்கும் காற்றே நம்மைக் காக்கிறது என்பதோடு, வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றவும் முடியும். கையில்லாத ஸ்வெட்டரோ வெஸ்ட்டோ இருந்தால் நெஞ்சு சூடாக இருக்கும், தோளும் தடையின்றித் திரும்பும். ஒரே ஓர் உடைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதையே வாங்குங்கள் என்பேன். கடையில் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நின்றால் மட்டும் போதாது. கைகளைக் கோத்து, மட்டையைப் பின்னால் தூக்குவதுபோல் ஒருமுறை முழுவதும் திரும்பிப் பாருங்கள்.

இங்கே புதுச்சேரியில் இத்தகைய உடைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஊட்டிக்குச் செல்பவர்கள் தாவரவியல் பூங்காவுக்கு அருகில் திபெத்தியர்கள் நடத்தும் கடைகளில் நல்ல ஸ்வெட்டரும் குல்லாயும் வாங்கலாம். காதை முழுவதும் மூடும் குரங்குக் குல்லாயை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பின்னாலிருந்து "ஃபோர்" என்று யாராவது எச்சரித்துக் கத்தினால் காதில் விழ வேண்டும். நெற்றியையும் காதின் மேற்பாதியையும் மூடும் பின்னல் தொப்பியே போதும்.

காலுக்கு நீர்புகாத காலணி, கம்பளிக் காலுறை, பையில் மாற்றுக் காலுறை ஒரு சோடி. இரண்டு காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காலணியை இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும்.

நான்காம் படி: கையும் பந்தும்

விரல் நுனியில் உணர்வு இருக்கும்வரைதான் கோல்ஃப் ஆட முடியும். அடிக்கும் நேரத்தில் இரு கைக்கும் மெல்லிய குளிர்கால உறைகள். நடக்கும் நேரத்தில் அவற்றின் மேலேயே மாட்டிக்கொள்ளும் பெரிய தடித்த உறைகள். தூறல் இருந்தால் தோல் உறைகள் வழுக்கும். நனைய நனையப் பிடி கூடும் மழைக்கால உறைகளை அணியலாம். கைக்குள் வைத்துச் சூடேற்றும் சிறு பொட்டலங்கள் கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் இரும்புத்தூள் காற்றுப்பட்டு வேகமாகத் துருப்பிடிக்கும்போது எழும் வெப்பமே அவற்றின் சூடு. கையைச் சூடேற்ற அவற்றைப் பயன்படுத்த விதிகளில் தடையில்லை. பந்தைச் சூடேற்ற அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. வேண்டுமென்றே சூடேற்றித் தன்மை மாற்றப்பட்ட பந்தால் அடிப்பது விதி 4.2-க்கு எதிரானது, போட்டியில் அதற்குத் தகுதிநீக்கமே தண்டனை. எனவே அந்தப் பொட்டலம் இருக்கும் பைக்குள் பந்தை வைக்காதீர்கள்.

விதிக்கு உட்பட்டே செய்யக்கூடியவை உள்ளன. முதல் நாள் இரவு பந்துகளையும் மட்டைகளையும் காரின் டிக்கியில் விட்டுவிடாமல் வீட்டுக்குள் எடுத்துவந்து வையுங்கள். இரவெல்லாம் இரண்டு டிகிரியில் கிடந்த பந்து காலையில் கல்லைப் போல இருக்கும். ஒரு குழி முடிந்து அடுத்த குழி தொடங்கும்போது பந்தை மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. ஒரே நிறுவனத்தின் ஒரே வகைப் பந்துகள் இரண்டை எடுத்துக்கொண்டு, ஒன்றை ஆடும்போது மற்றொன்றைக் கால்சட்டைப் பையில் வைத்து மாறி மாறி ஆடினால், உறைந்த பந்தை அடிப்பதிலிருந்து ஓரளவு தப்பலாம். சுற்று முழுவதும் ஒரே வகைப் பந்தையே ஆட வேண்டும் என்று சில போட்டிகளில் உள்ளூர் விதி இருக்கும். அதனால்தான் இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும் என்கிறேன். மென்மையான பந்தைத் தேர்ந்தெடுத்தால் தூரம் பெரிதாகக் கூடிவிடாது, ஆனால் மட்டையின் நடுவில் படாத அடிகளில் கையில் ஏறும் அதிர்வு குறையும். நிறம் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கட்டும். உதிர்ந்த இலைகளுக்கு நடுவில் வெள்ளைப் பந்தைத் தேடிப் பாதி வெளிச்சத்தை வீணாக்கிய நாட்கள் எனக்கு உண்டு.

மட்டையின் பிடி குளிரில் இறுகி வழுவழுப்பாகிவிடும். புறப்படுவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கலந்து பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்து உலரவிடுங்கள். நம் ஊர் வியர்வை படிந்த பிடிகளுக்கு இது இன்னும் அவசியம்.

ஐந்தாம் படி: எப்போது தொடங்குவது

டிசம்பர் இறுதியில் பாரிசில் சூரியன் காலை 8.40 அளவில் எழுந்து மாலை 5 மணிக்குள் மறைந்துவிடும். பகலின் நீளம் எட்டேகால் மணி நேரம்தான். பதினெட்டுக் குழிகளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் உறைபனி இருந்தால் ஆடுகளத்தை 10 அல்லது 11 மணிக்குத்தான் திறப்பார்கள். இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தால், நண்பகலுக்குப் பிறகு தொடங்குவது வீண் என்பது விளங்கும். பத்தரை மணி அளவில் முன்பதிவு செய்துகொண்டு, கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுவதே சரியான வழி.

உறைபனி இருக்கும்போது ஏன் உள்ளே விடுவதில்லை என்பதை நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இரவில் புல்லின் இழைக்குள் இருக்கும் நீர் உறைந்துபோகிறது. அதன்மேல் காலடி பட்டால் உயிரணுக்களின் சுவர்கள் நொறுங்கிவிடுகின்றன. அந்தக் கணத்தில் எதுவும் தெரியாது. அடுத்த ஓரிரு நாட்களில் நடந்த தடம் முழுவதும் கருத்துப் பழுப்பேறித் தெரியும், குளிர்காலத்தில் புல் வளராததால் அந்தத் தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். அந்த முதல் குளிர்காலத்தில், வெண்மையாக மின்னிய பயிற்சி கிரீன் ஒன்றின் மேல் அழகை வியந்தபடியே நான் நடந்துவிட்டேன். புல்வெளிப் பராமரிப்பாளர் ஓடிவந்து நிறுத்தினார். கோபப்படாமல் என்னைக் குனிய வைத்து, என் காலடிக்குக் கீழே நசுங்கிய இழைகளைக் காட்டினார். நான்கு நாள் கழித்துப் போனபோது என் காலணியின் அளவிலேயே பதினோரு பழுப்புத் தடங்கள் அங்கே இருந்தன. அன்றிலிருந்து, திறக்கும்வரை காத்திருப்பது எனக்கு ஒரு பொறுப்பாகவே தோன்றுகிறது.

வெயில் வந்து மேற்பரப்பு இளகிய பிறகும் சில நாட்களில் கிரீன்களைத் திறக்க மாட்டார்கள். மேல் மண் இளகி அடிமண் உறைந்தே இருக்கும் நிலைதான் வேருக்கு மிகவும் ஆபத்தானது. மேலே நடக்கும்போது மண் வழுக்கி வேர்கள் அறுபடும். அத்தகைய நாட்களில், கிரீனுக்குச் செல்லும் வழியில் வெட்டிவைத்த புல்வெளியான ஃபேர்வேயின் ஓரத்தில் தற்காலிகக் குழி வெட்டி ஆடவைப்பார்கள். பிரெஞ்சில் அதை "கிரீன் திவேர்" என்பார்கள். பலர் அதைக் கண்டதும் முகம் சுளிக்கிறார்கள். அன்றைய அடிகளின் எண்ணிக்கையை மறந்துவிட்டு, மற்ற அடிகளைப் பயிற்சி செய்யும் நாளாக எடுத்துக்கொண்டால் அதிலும் நிறைவு உண்டு.

ஊட்டியில் இந்தப் பிரச்சினை குறைந்த நேரமே நீடிக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீலகிரியில் உறைபனி விழும். தலைக்குந்தா போன்ற பள்ளமான இடங்களில் வெண்கம்பளம் விரித்ததுபோல் கிடக்கும். ஆனால் வெயில் ஏறியதும் மறைந்துவிடும். பகல் 11 மணிக்கு 18, 20 டிகிரி வந்து ஸ்வெட்டரையே கழற்ற வைக்கும். மூன்று மணிக்குப் பிறகு வெப்பம் மளமளவென்று இறங்கும். ஆகவே அங்கே ஒன்பது மணி அளவில் தொடங்கி இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். குளிராக இருக்கிறதே என்று முகத்துக்கு வெயில்காப்புக் களிம்பு தடவாமல் போகாதீர்கள். அந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமையானது. மலை ஆடுகளங்களில் காட்டுமாடு நுழைந்தால் பந்தை மறந்து ஒதுங்கி நில்லுங்கள். ஆபத்தான விலங்கு இருக்கும் இடத்திலிருந்து தண்டமின்றிப் பந்தை நகர்த்திக்கொள்ள விதி 16.2 இடம் தருகிறது.

ஆறாம் படி: அடிகள்

முதல் அடிக்கு முன் குறைந்தது பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றுங்கள். வேகமாக நடப்பது, கையைச் சுழற்றுவது, அயர்ன் எனப்படும் இரும்புத்தலை மட்டைகள் இரண்டைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக வீசுவது ஆகியவை போதும். காரிலிருந்து இறங்கியதும் டிரைவரை முழு வேகத்தில் வீசி முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

முழு அடியில் அடிப்படை ஒன்றுதான்: வேகத்தைக் குறைத்து மட்டையைக் கூட்டுங்கள். எண் குறையக் குறைய மட்டை அதிக தூரம் அடிக்கும். சமவெளிக் குளிரில் வழக்கமாக ஏழாம் எண் அயர்ன் அடிக்கும் இடத்தில் ஆறாம் எண்ணை, காற்று எதிரில் இருந்தால் ஐந்தாம் எண்ணை எடுத்து, பிடியைச் சற்றுக் கீழே பிடித்து, முக்கால் வீச்சில் அடியுங்கள். தடித்த உடையில் முழு வீச்சுக்கு முயன்றால் கைகள் மட்டுமே வேலை செய்யும். மட்டை மண்ணில் முதலில் படும். நீண்ட அயர்ன்களைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, அடிக்க எளிதான, பருத்த தலையுள்ள ஹைபிரிட் மட்டையை வைத்துக்கொள்வது நல்லது. மரத்த விரல்களோடு நான்காம் எண் அயர்னைப் பந்தின் மேல்பாதியில் அடித்தால் முழங்கை வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் வலிக்கும்.

அடுத்துத் தரையைப் பாருங்கள். ஈரமான தரையில் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். டிரைவருக்குப் பதில் சற்று உயரமாகப் போகும் மூன்றாம் எண் வுட் மட்டை சில குழிகளில் கூடுதல் தூரம் தரும். உறைந்த தரை இதற்கு நேர்மாறானது. பந்து சிமென்ட் தரையில் பட்டதுபோல் எகிறும். அங்கே கிரீனைக் குறிவைப்பது தவறு. கிரீனுக்குப் பத்து இருபது யார்டு முன்னால் விழவைத்து உருண்டு ஏறவிட வேண்டும். உறைந்த தரையில், பந்தைத் தாங்கும் மர ஆணியான டீ இறங்காது. ரப்பர் டீ ஒன்று பையில் இருக்கட்டும்.

கிரீனைச் சுற்றியுள்ள சிறு அடிகளே குளிர்காலத்தில் எண்ணிக்கையைக் காப்பாற்றுகின்றன, அவையே அதிகம் கெடுக்கவும் செய்கின்றன. ஈர மண்ணில் மட்டையின் கூர்மையான முன்விளிம்பு புதைந்துகொண்டு பந்து இரண்டடி நகர்ந்து நின்றுவிடும். அதிகக் கோணமுள்ள வெட்ஜ் மட்டையை ஒதுக்கிவிட்டு, எட்டாம் எண் அயர்ன் அல்லது ஹைபிரிடை, கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான பட்டரைப் பிடிப்பதுபோல் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் தள்ளுங்கள். பந்து சற்றே எழும்பி ஈர விளிம்பைத் தாண்டி உருளும். நான் இந்த ஓர் அடியை மட்டும் வீட்டு மொட்டைமாடியில் பழைய கோரைப்பாயின் மேல் நாள்தோறும் அரைமணி நேரம் பழகினேன்; வேறெந்தப் பயிற்சியும் எனக்கு இவ்வளவு பயன் தரவில்லை. பங்கர் எனப்படும் மணற்பள்ளத்தில் மணல் உறைந்திருந்தால் அகலமான அடிப்பாகம் உள்ள மணல் வெட்ஜ் துள்ளிப் பந்தின் நடுவில் அடித்துவிடும். பிட்சிங் வெட்ஜை எடுத்துப் பந்தைச் சுத்தமாகத் தொட்டு அடியுங்கள். பட்டிங்கில் சொல்ல அதிகமில்லை: ஈர கிரீனில் பந்து மெதுவாகவே உருளும், வளைவும் குறையும்; குழியின் பின்சுவரைக் குறிவைத்துத் துணிந்து அடியுங்கள்.

ஏழாம் படி: பனி என்ற ஒரே சொல்லும் அதற்குள் இருக்கும் விதிகளும்

தமிழில் புல்நுனித் துளியும் பனி, காலை மூட்டமும் பனி, உறைந்து வெளுத்ததும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி. பேச்சில் இது அழகு. கோல்ஃப் விதியில் இவற்றைப் பிரித்தே அறிய வேண்டும். பனித்துளியும் உறைபனியும் அகற்றத்தக்க பொருட்கள் அல்ல. டீ போடும் இடத்தில் மட்டும் அவற்றைத் துடைத்துக்கொள்ளலாம். வேறெங்கும், கிரீனில்கூட, பந்து உருளும் வழியிலிருந்து அவற்றைத் துடைத்து அந்த வழியைச் செப்பனிட்டால் இரண்டு அடிகள் தண்டம். வானத்திலிருந்து விழுந்து தரையில் கிடக்கும் வெண்பனியும் இயற்கையான பனிக்கட்டியும் வேறு வகை. அவற்றைச் சருகைப் போல அகற்றவும் செய்யலாம், தற்காலிக நீராகக் கருதித் தண்டமின்றிப் பந்தை நகர்த்தவும் செய்யலாம், முடிவு ஆட்டக்காரருடையது. பங்கரில் மணல் இறுகிக் கிடப்பது மட்டும் எந்தச் சலுகைக்கும் காரணமாகாது.

பந்து தான் விழுந்த வேகத்தில் உண்டாக்கிய பள்ளத்துக்குள்ளேயே சேற்றில் புதைந்தால், பங்கர் போன்ற இடங்களைத் தவிர மற்ற பொதுப்பகுதியில், தண்டமின்றி எடுத்துத் துடைத்து, புதைந்த இடத்துக்குப் பின்னால் ஒரு மட்டை நீளத்துக்குள் விழவிடலாம். குளிர்காலத்தில் பல கிளப்புகள் இதற்கு மேலும் ஒரு சலுகையை உள்ளூர் விதியாக அறிவிக்கும்: ஃபேர்வே உயரத்துக்குப் புல் வெட்டப்பட்ட இடத்தில் பந்து கிடந்தால் எடுத்துத் துடைத்து அருகிலேயே வைத்து ஆடலாம். எவ்வளவு தூரத்துக்குள் என்பது கிளப்புக்குக் கிளப் மாறும். ஓரிடத்தில் ஆறங்குலம், இன்னோர் இடத்தில் ஒரு மட்டை நீளம். இது அறிவிக்கப்படாத நாளில் சேறு ஒட்டிய பந்தை அப்படியேதான் அடிக்க வேண்டும். எனவே அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் முதல் டீக்குப் போகாதீர்கள். செயின்ட் ஆண்ட்ரூசின் பழைய ஆடுகளத்தில் குளிர்கால மாதங்களில் ஃபேர்வேயில் சிறு விரிப்பை வைத்து அதன்மேலிருந்து அடிக்கச் சொல்வார்கள். புல்லைக் காப்பதில் அவர்களுக்கு இருக்கும் அக்கறை அத்தகையது.

எட்டாம் படி: குடிப்பது, உண்பது, நிறுத்துவது

குளிரில் தாகம் தெரியாது. ஆனால் உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும். ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி கொண்டுபோய் மூன்று குழிகளுக்கு ஒருமுறை இரண்டு மடக்குக் குடிப்பது என் வழக்கம். கடலை உருண்டையும் பேரீச்சம்பழமும் பையில் இருந்தால் உடம்புக்கு எரிபொருள் குறையாது. "ஒரு மடக்குப் போட்டால் குளிர் தெரியாது" என்று சொல்லும் நண்பர்கள் நம் ஊரில் உண்டு. மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உடலின் உள்சூட்டை வெளியே விடுகிறது. சூடாக இருப்பதுபோல் தோன்றும் அந்த நேரத்தில்தான் உடம்பு வேகமாகக் குளிர்ந்துகொண்டிருக்கும். ஆட்டம் முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

நடுக்கம் நிற்காமல் தொடர்ந்தால், விரல் வெளுத்து உணர்விழந்தால், கூட ஆடுபவரின் பேச்சு குழறினால் அல்லது நடை தடுமாறினால், அது எத்தனையாவது குழியாக இருந்தாலும் உடனே கிளப் கட்டடத்துக்குத் திரும்புங்கள். மரத்த கையைத் தீயருகே நீட்டாதீர்கள். சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். அக்குளுக்குள் வைத்தோ வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தியோ மெல்ல மீட்டெடுக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் காத்திருக்காமல் உதவிக்கு அழையுங்கள்.

வீடு திரும்பியதும் ஈர உடையை மாற்றுவது முதல் வேலை. இரண்டாவது வேலை மட்டைகள். மட்டைத் தலைகளையும் தண்டுகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, தலையுறைகளைக் கழற்றித் தனியே காயவைத்து, காலணிக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துவையுங்கள். ஊருக்குத் திரும்பும் நாளில் இதை இன்னொரு முறை செய்ய வேண்டும். ஈரம் உலராத பையோடு புதுச்சேரிக்கு வந்து கடற்காற்றில் ஒரு வாரம் மூடிவைத்தால், உப்பும் ஈரமும் சேர்ந்து வெட்ஜின் கோடுகளிலும் மட்டைத் தலை தண்டோடு சேரும் இடத்திலும் துருவை ஏற்றிவிடும். வந்த அன்றே பையின் எல்லா அறைகளையும் திறந்து, மட்டைகளை வெளியே எடுத்து, வெயில் நேராகப் படாத திண்ணையில் இரண்டு நாள் சாய்த்துவையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு மட்டைத் தலைகளின்மேல் இயந்திர எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து, பிடியில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டு, பையில் அடுக்கலாம்.